தொகையோடு சேர்த்து சரக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வர்த்தகப் பக்கத்தின் கீழ் மூலையில், டிரினிடாட்–டொபேகோவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான பண்ட வர்த்தகம் பற்றி ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீர்கள். இந்த நாடு அனுப்பியது இத்தனை மில்லியன் டொலர், அந்த நாடு அனுப்பியது இத்தனை மில்லியன், போன வருடத்தோடு பார்த்தால் இவ்வளவு வீதம் சரிவு, அவ்வளவுதான். தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில் ‘வர்த்தக உறவில் பின்னடைவு’. யாருக்குப் பின்னடைவு, என்ன சரக்கு குறைந்தது என்று ஒரு வரி இல்லை, காரணம் என்று கடைசியில் ‘இரு நாட்டு ஒப்பந்தம் இல்லாததே’ என்று மட்டும்.

திருகோணமலையில் இருப்பவனுக்கு கரீபியன் கடலில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். நான் நீண்ட காலம் கப்பல் முகவர் நிலையமொன்றில் பத்திரம் நிரப்பிய ஆள். பி.எல். (சரக்கேற்றுப் பத்திரம்), இன்வொய்ஸ் (விலைப்பட்டியல்), கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பதுதான் தொழில். ஒரு கப்பல் சரக்கு புள்ளிவிவரமாக மாறும்போது வழியில் எதெல்லாம் உதிர்ந்துபோகும் என்று கொஞ்சம் தெரியும். அதைவிட முக்கியம், எங்கள் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போதும் நீங்கள் இதே பாணியில்தான் எழுதுகிறீர்கள். அந்த விஷயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

டிரினிடாட் என்றால் எங்கள் ஆட்களுக்கு பிரயன் லாரா. 2001இல் இங்கே வந்து மூன்று டெஸ்டில் 688 ஓட்டம் அடித்துவிட்டுப் போனார், மூன்றிலும் வென்றது நாங்கள்தான் என்பது வேறு கதை. கிரிக்கெட்டை விட்டால் அது எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும் ஓடும் நாடு. பொயின்ட் போர்ட்டின் என்ற இடத்தில் எரிவாயுவை மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிர வைத்துத் திரவமாக்குகிறார்கள். கன அளவு ஏறக்குறைய அறுநூறில் ஒன்றாகச் சுருங்கிவிடும், எல்.என்.ஜி. என்பது அதுதான். பொயின்ட் லிசாஸ் என்ற கைத்தொழில் பேட்டையில் அதே எரிவாயுவை வைத்து அமோனியாவும் மெத்தனோலும் செய்கிறார்கள். ஸ்பெயினுக்குப் போவதில் பெறுமதியான சரக்கு என்றால் பெரும்பாலும் இந்த எரிவாயுக் குடும்பம்தான். ஸ்பெயினிலிருந்து திரும்பி வருவது கொன்டெய்னரில் வரும் பல சாமான்கள்: இயந்திரம், தரை ஓடு, ஒலிவ் எண்ணெய், வைன், இப்படி.

இந்த இரண்டும் ஒரே அட்டவணையில் நிற்பதுதான் முதல் சிக்கல். கொன்டெய்னர் சாமான் வருடம் முழுக்க ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும், ஒரு வியாபாரி குறைத்தால் இன்னொருவர் கூட்டுவார், மொத்தத்தில் பெரிதாகத் தெரியாது. எல்.என்.ஜி. அப்படி இல்லை. 160,000 கன மீற்றர் கொள்ளும் ஒரு கப்பலை எடுங்கள். வெப்பக் கணக்கில் அதில் ஏறத்தாழ 35 இலட்சம் அலகு இருக்கும், அலகு என்று நான் சொல்வது சந்தையில் விலை பேசும் மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகை. ஐரோப்பிய சந்தையில் 2020 நடுப்பகுதியில், கொரோனா முடக்கத்தில், ஒரு அலகு 2 டொலருக்கும் கீழே விழுந்தது. அந்த விலையில் கப்பல் முழுவதும் 7 மில்லியன் டொலர்கூடத் தேறாது. ரஷ்யா உக்ரேனுக்குள் போன 2022இல் ஓகஸ்ட் மாதம் அதே அலகு 70 டொலரையும் தாண்டியது. அந்த விலையில் அதே கப்பல், அதே சரக்கு, 245 மில்லியன். அவ்வளவு உச்சம் வேண்டாம், சாதாரணமாக 10 டொலர் என்று வைத்தாலும் 35 மில்லியன். உண்மையில் பல கப்பல்கள் நீண்டகால ஒப்பந்தச் சூத்திரத்தின்படி விலைபோவதால் சந்தை விலை அப்படியே பத்திரத்தில் வராது, இருந்தாலும் ஆட்டம் எவ்வளவு பெரியது என்று புரியும். வருடத்தில் இரண்டு மூன்று கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டால் போதும், ‘உறவில் பின்னடைவு’ என்று தலைப்புப் போடலாம். உறவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஜப்பானிலோ பிரித்தானியாவிலோ யாரோ கூடுதல் விலை சொல்லியிருப்பார்கள்.

கப்பல் நடுக்கடலில் திசை மாறுவது சும்மா கற்பனை இல்லை, அதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. பொயின்ட் போர்ட்டின் ஆலை கட்டுவதற்கு முன்பே, 1995இல், ஸ்பெயினின் எனாகாஸ் நிறுவனத்தோடு நீண்டகால விற்பனை ஒப்பந்தம் போட்டார்கள், மற்றப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காவின் பொஸ்டன் பக்கம் இருந்த நிறுவனம். 1999இல் முதல் கப்பல் பொஸ்டனுக்குத்தான் புறப்பட்டது. ஸ்பானிய ஒப்பந்தம் பிறகு காஸ் நத்துரால் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஸ்பெயின் சந்தையை வைத்து விலை பேசிய எரிவாயுவில் ஒரு பகுதியை அவர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள், அங்கே விலை நன்றாக இருந்ததால். விற்றவர்கள் விலையைத் திருத்து என்று கேட்டு நடுவர் மன்றம் போனார்கள். 2008இல் வந்த தீர்ப்பு ஒரே சரக்குக்கு இரண்டு விலை வைத்தது, எங்கே இறக்குகிறாய் என்பதைப் பொறுத்து. சரி, இப்போது சொல்லுங்கள், அந்த வருடங்களில் டிரினிடாட்டின் ‘ஸ்பெயின் ஏற்றுமதி’ எது? ஸ்பானிய நிறுவனம் வாங்கியதா, ஸ்பானியத் துறைமுகத்தில் இறங்கியதா? சுங்கம் எழுதுவது இரண்டாவதை. காசு நடமாடியது முதலாவதில்.

இன்னொன்றும் உண்டு. அந்த எல்.என்.ஜி. ஆலையின் முதல் உற்பத்திப் பிரிவில் ஸ்பெயினின் ரெப்சோல் நிறுவனத்துக்கு 20 வீதப் பங்கு இருந்தது, டிரினிடாட்டின் அரச எரிவாயுக் கம்பனிக்கு 10 வீதம்தான். அதாவது டிரினிடாட் தன் எரிவாயுவை ஸ்பெயினுக்கு அனுப்பியபோது, திரவமாக்கும் ஆலையின் இலாபத்தில் டிரினிடாட் அரசின் கம்பனியைவிட ஸ்பானியக் கம்பனியின் பங்கு பெரிது. (அரசாங்கத்துக்கு வரி தனியாக வரும், அதை மறுக்கவில்லை.) ரெப்சோல் பிறகு தன் எல்.என்.ஜி. பங்குகளை ஷெல்லுக்கு விற்றுவிட்டது, 2014 தொடக்கத்தில் கைமாற்றம் முடிந்தது. இதெல்லாம் பண்ட வர்த்தக அட்டவணையின் எந்த நிரலிலும் வராது. டிரினிடாட்டுக்கு வர்த்தக மிகை என்று கொட்டை எழுத்தில் இருக்கும், வாசிப்பவர் அவர்கள் கொழிக்கிறார்கள் என்று நினைப்பார்.

இரு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போகாத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எந்த நாட்டின் கணக்கை எடுத்தீர்கள் என்றே போடவில்லை. ஏற்றுமதி செய்பவர் எஃப்.ஓ.பி. விலையை எழுதுவார், சரக்குக் கப்பலில் ஏறும் வரையான விலை. இறக்குமதி செய்பவர் சி.ஐ.எஃப். எழுதுவார், கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து. அதிலேயே வித்தியாசம் வந்துவிடும். எல்.என்.ஜி.க்கு இன்னொரு வேடிக்கை: எவ்வளவு குளிரில் வைத்தாலும் தாங்கியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அந்த ஆவியையே கப்பலின் இயந்திரத்துக்கு எரிபொருளாகக் கொடுப்பார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டர் வழியாக கார்த்தகேனாவுக்கோ சகுந்தோவுக்கோ பார்சிலோனாவுக்கோ போய்ச் சேர பத்து நாள் மட்டில் ஆகும், ஏற்றியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வழியிலேயே எரிந்துபோயிருக்கும். இறக்கும்போதும் முழுவதையும் இறக்கமாட்டார்கள், தாங்கி குளிராக இருக்க அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். ஆக ஏற்றிய கணக்கும் இறக்கிய கணக்கும் ஒரே எண்ணாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

இறங்கியதெல்லாம் ஸ்பெயினிலேயே எரிந்தது என்றும் இல்லை. 2011இல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு ஆசியாவில் எல்.என்.ஜி. விலை ஏறியது, ஸ்பெயினிலோ பொருளாதார நெருக்கடி, தேவை குறைவு. ஐரோப்பாவில் அதிக எல்.என்.ஜி. இறங்குதளங்கள் உள்ள நாடு அது. வந்த சரக்கைத் தாங்கியில் வைத்து, மறுபடி வேறு கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். சில வருடங்கள் உலகிலேயே மீள்ஏற்றுமதியில் ஸ்பெயின்தான் முன்னணி. கரீபியனில் இருந்து போனது மத்தியதரைக் கடலைப் பார்த்துவிட்டு மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்ததும் நடந்திருக்கலாம், கணக்கில் இரண்டு வர்த்தகமாக விழும்.

அப்புறம் ‘இரு நாட்டு ஒப்பந்தம் இல்லாததே காரணம்’ என்று அந்தச் செய்தியின் கடைசி வரி. ஆசிரியரே, ஸ்பெயின் நினைத்தாலும் டிரினிடாட்டோடு தனியாகத் தீர்வை ஒப்பந்தம் போட முடியாது. தீர்வை விஷயம் முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் கையில். ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது, 2008 ஒக்டோபரில் பார்படோஸில் வைத்து கரீபியன் நாடுகள் கூட்டாக ஒன்றியத்தோடு கையெழுத்திட்டது. அதன்படி அவர்களின் சரக்கு தீர்வையும் கோட்டாவும் இல்லாமல் உள்ளே போகும். மெத்தனோலுக்கும் அமோனியாவுக்கும் ஒன்றியம் மற்றவர்களிடம் வழமையாகக் கேட்கும் ஐந்தரை வீதம் இவர்களுக்கு இல்லை. எங்கள் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் ஒன்றியம் தானாகத் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகையில் நிற்கிறோம், 2010இல் பிடுங்கினார்கள், 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி எப்போது என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு மீளாய்வுக்கும் தைத்த ஆடைத் தொழிற்சாலைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களிடம் இருப்பது ஒப்பந்தம், எங்களிடம் இருப்பது தயவு.

அந்தச் செய்தியை எழுதியவர் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் நல்ல கதை ஒன்று கிடைத்திருக்கும். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் கஸ்தெயோன் என்று ஒரு மாகாணம், அந்த நாட்டின் தரை ஓட்டுத் தொழில் பெரும்பாலும் அங்கேதான். ஓடு சுடும் சூளை இயற்கை எரிவாயுவில் எரிகிறது. பக்கத்திலேயே சகுந்தோ இறங்குதளம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த எரிவாயு சூளையில் எரிந்து, களிமண் ஓடாகி, பெட்டியில் அடுக்கப்பட்டு, கரீபியன் உட்பட உலகம் முழுக்கப் போகிறது. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது அங்கே பல சூளைகளை அணைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எரிவாயு விற்றவனுக்கு அது பொற்காலம், ஓடு விற்றவனுக்கு இழவு. ‘இரு நாட்டு வர்த்தகப் பெறுமதி’ மட்டும் அந்த வருடம் ஜோராக இருந்திருக்கும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

புல்மோட்டைக் கடற்கரையில் காலை வைத்தவர்களுக்குத் தெரியும், மணல் கறுப்பு, கையில் அள்ளினால் கனக்கும். அதிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனியங்களைப் பிரிக்கிறார்கள். அதற்கென்று 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்றை அமைத்தார்கள். அந்த இல்மனைட்டைக் கப்பலில் ஏற்றும்போது முதல் தடவை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சரக்கறையை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு குவியல், மேலே பாதிக்கு மேல் வெறும் காற்று, இன்னும் எத்தனையோ லொறி கொட்டலாம் போல இருக்கும். வெளியே வந்து கப்பலின் பக்கவாட்டைப் பார்த்தால் ஏற்ற எல்லைக் கோடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இதற்கு மேல் ஒரு சாக்குக்கூட ஏற்ற முடியாது என்று மாலுமி அதிகாரி கையைக் காட்டிவிடுவார். அவ்வளவு அடர்த்தி. எல்.என்.ஜி. கப்பலோ இதற்கு நேர் எதிர், சரக்கு தண்ணீரில் பாதி கனம்கூட இல்லாததால் நிறையச் சுமந்தும் மலை போல உயர்ந்து நிற்கும்.

இல்மனைட் கப்பல் போகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பத்திரிகையில் ‘கனிய மணல் ஏற்றுமதியால் பல மில்லியன் டொலர் வருமானம்’ என்று செய்தி வரும். எந்த நாட்டுக்குப் போனதோ அந்த நாட்டோடு ‘வர்த்தகம் வளர்ச்சி’ என்று இன்னொரு பெட்டிச் செய்தி. அந்த மணலிலிருந்து எடுப்பது டைட்டேனியம் டையொக்சைட், வெள்ளை நிறமி. உங்கள் அலுவலகச் சுவரில் அடித்த பெயின்டில், நீங்கள் பல் தீட்டும் பற்பசையில், பத்திரிகையோடு வரும் பளபளப்பான இணைப்பின் தாளில் எல்லாம் அது இருக்கிறது. கறுப்பாகத் திருகோணமலையால் போகிறது, வெள்ளையாகச் சாக்கில் கொழும்பால் வருகிறது. போகும்போது ஒரு நாட்டின் கணக்கு, வரும்போது வேறு நாட்டின் கணக்கு, அதனால் எந்த இரு நாட்டு அட்டவணையிலும் இது ஒன்றாகத் தெரியாது. ஐரோப்பாவுக்கு மூலக் கனியத்தைக் கொண்டுபோனால் தீர்வையே கிடையாது, யார் கொண்டுபோனாலும் இல்லை. மூலப்பொருளுக்கு எந்த நாடும் கதவைச் சாத்துவதில்லை. நிறமியாகச் செய்து கொண்டுபோனால்தான் தீர்வை என்ற பேச்சே வரும், சலுகையின் அருமையும் அப்போதுதான் தெரியும்.

உடனே ‘இங்கேயே தொழிற்சாலை போடு’ என்று நான் கொடி பிடிக்கவில்லை. டிரினிடாட் அந்த வழியில் போன நாடு. எரிவாயுவைச் சும்மா எரித்துவிடாமல் 1970களில் பொயின்ட் லிசாஸை உருவாக்கினார்கள், உலகின் பெரிய அமோனியா, மெத்தனோல் ஏற்றுமதி நாடுகளில் ஒன்றானார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் கடந்த பதினைந்து வருடமாக எரிவாயு உற்பத்தி சரிந்துகொண்டு வருகிறது. எல்.என்.ஜி. ஆலையின் முதல் உற்பத்திப் பிரிவு 2020 கடைசியில் நின்றுபோனது. மெத்தனோல் ஆலைகளில் ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூடுகிறார்கள், 2024இல் அதுதான் நடந்தது. ஆலை கட்டியாகிவிட்டது, வாங்க ஆள் இருக்கிறது, தீர்வை இல்லை, உள்ளே போட எரிவாயு போதவில்லை. இதையும் உங்கள் செய்தியில் ஒரு வரி சேர்த்திருந்தால், ஏற்றுமதி குறைந்ததற்கு ‘உறவில் பின்னடைவு’ என்று கற்பனை செய்ய வேண்டி வந்திருக்காது.

நிறமித் தொழிற்சாலை என்றால் மின்சாரம் வேண்டும், அமிலம் வேண்டும், கழிவை எங்கே விடுவது என்ற கேள்வி வரும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கரைவலை இழுப்பவர்களைக் கேட்காமல் கொழும்பில் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது. அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முதலில் கணக்குத் தெரிய வேண்டும். எத்தனை தொன் போகிறது, தொன் என்ன விலை, அதே காலத்தில் எத்தனை தொன் நிறமி என்ன விலைக்கு உள்ளே வருகிறது என்று தெரியாமல் ‘வருமானம் வந்தது’ என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சீனக்குடாப் பக்கமும் இதே கதைதான்.  அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டபோது, 99 தாங்கியில் யாருக்கு எத்தனை என்ற சண்டை உங்கள் முதற்பக்கத்தில் வாரக்கணக்கில் ஓடியது. அந்தத் தாங்கிகளுக்குள் என்ன வரும், யாருக்கு மறுபடி போகும், போகும்போது எங்கள் கணக்கில் அது ஏற்றுமதியா மீள்ஏற்றுமதியா, எங்களுக்குக் கிடைப்பது எண்ணெய் விலையா தாங்கி வாடகையா என்று ஒருவரும் எழுதவில்லை. ஸ்பெயின் எல்.என்.ஜி.யை இறக்கி ஏற்றியதில் அந்த நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்து ஒரு கட்டுரை போட்டிருந்தால் எங்கள் தாங்கிச் சண்டைக்கே ஒரு தெளிவு வந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இரு நாட்டு வர்த்தகம் என்று செய்தி போடும்போது பெறுமதியோடு அளவையும் போடுங்கள், எத்தனை தொன், எத்தனை கப்பல். எந்த நாட்டின் கணக்கு என்று போடுங்கள். முதல் மூன்று சரக்கின் பெயரைப் போடுங்கள். விலை ஏறியதால் கூடியதா, அளவு ஏறியதால் கூடியதா என்று ஒரு வாக்கியம். அடுத்த இல்மனைட் கப்பல் எங்கள் துறைமுகத்தில் இருந்து புறப்படும் செய்தியிலிருந்தே தொடங்கலாம். சுங்கத் திணைக்களத்தின் புள்ளிவிவரத்தில் 2614 (இல்மனைட் போன்ற டைட்டேனியக் கனியம்) என்ற தலைப்பின் ஏற்றுமதியையும் 3206 (நிறமி) என்ற தலைப்பின் இறக்குமதியையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்தால் போதும். உங்கள் நிருபருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. அவருக்கு நேரம் இல்லையென்றால் எனக்கு இருக்கிறது, அட்டவணை போட்டு அனுப்புகிறேன், நீங்கள் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை.